பேச்சு நிக்கக் கூடாது

சித்த அந்தப் பையை நகத்தி வெச்சுக்கோ கண்ணு. ஆ, இப்ப சரி. இந்தப் பெரிய கவரு மடங்கக் கூடாது, உள்ளாற படமெல்லாம் இருக்குது. எங்க போற, காந்திபுரமா? நாங்களும் அங்கதான். நாங்கன்னா நானும், அதா, டிரைவருக்குப் பின்னால காலை நீட்டி உக்காந்திருக்காரு பாரு, வெள்ளைச் சட்டை, தோள்ல பச்சைத் துண்டு, அவரும். எங்க ஊட்டுக்காரரு. சென்னியப்பன்னு பேரு. அவரு பக்கத்துல எடம் இருந்துச்சு. நான்தான் உக்காரல. நேத்துப் பொழுதோட இருந்து எங்களுக்குப் பேச்சு இல்லை.

சிரிக்காத. நான் சண்டைக்காரி கிடையாது. எங்க கோபிப் பக்கம் வந்து துளசிமணி எப்படின்னு கேட்டுப் பாரு, ஒருத்தரும் ஒரு கொறை சொல்ல மாட்டாங்க. கத்தறது, சாமானை வீசறது அதெல்லாம் என்கிட்ட இல்லவே இல்லை. கோவம் வந்தா பேச மாட்டேன், அவ்வளவுதான். கல்யாணமான புதுசுல ஒருக்கா நாப்பது நாள் பேசாம இருந்தேன். எதுக்குன்னு கேட்டா இப்ப ஞாபகம் இல்லை. நாப்பது நாள்ங்கறது மட்டும் நல்லா ஞாபகம் இருக்குது.

இந்தக் கவரா? இது அவரு கால் கதை. ஒரு எடத்துல தலை கதையும் வருது. அதுக்குத்தான் இன்னைக்கு நான் கூடவே கெளம்பியிருக்கேன். இல்லீன்னா காலைக் காட்டிட்டு வர அவரே போய்க்குவாரு.

ரெண்டு வருசத்துக்கு முந்தி அவருக்கு இடது கால்ல ரத்தம் போற குழாய் அடைச்சுப்போச்சு. முப்பது வருசம் ரைஸ் மில்லுல வேலை, நாளைக்கு ரெண்டு கட்டு பீடி. அடைக்காம என்ன பண்ணும்? கவட்டையில இருந்து முழங்கால் தாண்டி ஒரு மாத்துக் குழாய் வெச்சுத் தெச்சாங்க. பாலம் ஒடைஞ்சுட்டா பக்கத்துல ரோடு போட்டு பஸ்ஸைத் திருப்பி உடுவாங்கல்ல, அந்த மாதிரின்னு டாக்டர் சொன்னாரு. பீடியை அன்னைக்கே உட்டுட்டாரு, அதைச் சொல்லோணும். ரத்தம் கட்டாம இருக்க மத்தியானம் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, ஆயுசுக்கும் போடோணும்னாங்க. நான்தான் குடுப்பேன். "ஏனுங்க, மாத்திரை"ம்பேன். கையை நீட்டுவாரு. வெப்பேன். வாயில போட்டுத் தண்ணி குடிப்பாரு. ரெண்டு வருசம் ஒரு நாள் தவறல.

அப்பறந்தான் எங்க அண்ணன் ஊட்டுல பால் காய்ச்சினாங்க. புது ஊடு, மாடி ஊடு. அம்பது அறுபது பேரு, எல்லாம் ஒரம்பரை, சொந்தக்காரங்க. அண்ணன் சம்சாரம் தன் கையால அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தா. நீ எந்த ஊரு, ஈரோடா? அப்ப உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாத்து ஊட்டுலயும் வாரத்துக்கு ரெண்டு நாள் ஆக்கற சோறுதான். இந்த மனுசன் நெய்யி ஊத்திப் பெசைஞ்சு ஒரு வாய் வெச்சுட்டு, பந்தி மொத்தமும் கேக்கற மாதிரி சொல்றாரு: "முப்பத்தாறு வருசத்துல இன்னைக்குத்தாம்பா நான் அரிசிம்பருப்புச் சாப்புடறேன்!"

அம்பது பேரும் சிரிச்சாங்க. எங்க அண்ணனும் சிரிச்சான். அண்ணன் சம்சாரம் சிரிக்கல, தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அதுதான் எனக்கு ஆறல. சிரிச்சிருந்தாக்கூடப் போய்த்தொலையுதுன்னு உட்டிருப்பேன்.

கார்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன். பேச்சு இல்லை.

பேச்சு இல்லைன்னா சோறு தண்ணி இல்லைன்னு நெனைச்சுக்காத. அதெல்லாம் நேரத்துக்கு நடக்கும். எங்க ஊட்டுல வீரன்னு ஒரு நாய் இருக்குது. அதுகிட்டச் சொல்லுவேன். "வீரா, சோறு ஆறிப்போச்சுன்னு சொல்லு." அவரும் அதுகிட்டயேதான், "வீரா, மோரு இருக்குதான்னு கேளு." பாவம் அது ரெண்டு பேரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்கும்.

மாத்திரையை ஒரு சின்னக் கிண்ணத்துல போட்டு டிவிக்குப் பக்கத்துல வெச்சிருவேன். சித்த நேரம் கழிச்சுப் பாத்தா கிண்ணம் காலியா இருக்கும். போட்டாச்சுன்னு நான் என் சோலியைப் பாக்கப் போயிருவேன். இதுல என் மேல என்ன தப்பு சொல்லு? பேச்சு இல்லாதப்ப மாத்திரை வெச்சதே எச்சு.

பேச்சு நின்ன பதினாறாம் நாள் அவரு டீக்கடைக்குப் போகல. வீம்புன்னு நெனைச்சேன். பதினேழாம் நாள் வாசல்ல சேரைப் போட்டு இடது காலை மட்டும் வெயில்ல நீட்டி உக்காந்திருக்காரு. சித்திரை வெயிலு! பதினெட்டாம் நாள் ஒரு கால்ல மட்டும் சாக்ஸு. "வீரா, ஆருக்கோ ஊட்டி நெனப்பு வந்திருச்சாட்ட இருக்குது"ன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. எப்பவும் பதிலுக்கு ஒண்ணு சொல்ற ஆளு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கோணும், உறைக்கல.

பத்தொம்பதாம் நாள் மத்தியானம் கட்டில்ல அசந்து தூங்கறாரு. தூக்கத்துலயே முனகறாரு. கிட்டப் போயி அந்த சாக்ஸை மெதுவாக் கழட்டினேன். கண்ணு, பாதம் ஐஸ்பெட்டியில இருந்து எடுத்த மாதிரி இருந்துச்சு. வெளுத்துப்போயி, வெரலெல்லாம் மெழுகாட்ட. திருப்பூர்ல இருக்கற என் மக பூங்கொடிக்குப் போன் பண்ணி, கார் எடுத்துட்டு வான்னேன். அவருகிட்டச் சொல்லல. எப்படிச் சொல்றது? "வீரா, கார் வருது, சட்டையை மாத்தச் சொல்லு"ன்னு மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில டாக்டர் பேனா மாதிரி ஒண்ணை அவரு பாதத்துல வெச்சு வெச்சுப் பாத்தாரு. நல்ல கால்ல வெச்சா சொய்ங் சொய்ங்னு சத்தம் வருது. இந்தக் கால்ல ஒண்ணுமே இல்லை. வெச்சு உட்ட மாத்துக் குழாயே மொத்தமா அடைச்சுப்போச்சுன்னாரு. "எப்ப இருந்து கால் குளுந்துச்சு? நாள் சரியாச் சொல்லோணும்"னாரு. நாள் கொஞ்சமா இருந்தா ரத்தக்கட்டைக் கரைக்க மருந்து உடலாமாம். ரெண்டு வாரம் தாண்டிருச்சுன்னா அது இறுகிப்போயிருமாம், மருந்து கேக்காதாம். இவரு கூசாம, "நேத்துத்தாங்க"ங்கறாரு.

நான் செவுத்தைப் பாத்துக்கிட்டே சொன்னேன்: "டாக்டர், நேத்து இல்லீங்க. பதினாறாம் நாளுங்க. இன்னைக்குப் பத்தொம்பது."

"எதுல இருந்து பதினாறுங்கம்மா?"ன்னாரு டாக்டர்.

பூங்கொடி தலையில அடிச்சுக்கிட்டா. ஆனாலும் பாரு, நான் நாள் எண்ணிட்டு இருந்ததுனாலதான அவிங்களுக்குச் சரியான கணக்குக் கெடைச்சுது! மூணு நாள், வெரல் இன்னும் அசையுது, கரைச்சுப் பாக்கலாம்னாரு. கரையலீன்னா மறுபடி ஆபரேசன், அதுவும் ஆகலீன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கறதுதான்னாரு. எடுக்கறதுன்னு அவரு சும்மா சொல்லிட்டாரு.

எப்படிக் கரைக்கறாங்க தெரியுமா? நல்ல கால் பக்கத்துக் கவட்டையில ஒரு ஓட்டை போட்டு, நூலாட்ட ஒரு டியூப்பை உள்ளாறயே ஏத்தி எறக்கி, இந்தக் கால் அடைப்புக்குள்ள கொண்டுபோயி வெச்சிடறாங்க. அது வழியா மருந்து சொட்டுச் சொட்டா எறங்கும். ஒரு நாள் முச்சூடும். அதுவரைக்கும் மல்லாந்தே கெடக்கோணும், காலை மடக்கக் கூடாது. அந்த மருந்து ரத்தக்கட்டைக் கரைக்குமாம், ஆனா எங்க வேணாலும் ரத்தம் கசியவும் வெச்சிருமாம். பல் வெளக்கக் கூடாது, சவரம் பண்ணக் கூடாது. நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு மூளையிலயே கசிஞ்சிரலாம்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினாங்க. பூங்கொடிதான் போட்டா.

அந்த ரூம்புக்குள்ள ஆளு உடமாட்டாங்க. ஆனா இவரு ஒரு மணி நேரத்துல ரெண்டு தடவை காலை மடக்கிப்போட்டாரு. சொன்ன பேச்சுக் கேக்கற ஆளா? அதனால என்னையக் கூப்பிட்டு ஸ்டூல் போட்டு உக்கார வெச்சாங்க. ஷைனின்னு ஒரு சிஸ்டர், பாலக்காட்டுப் பொண்ணு. அவ சொல்றா: "அம்மா, சார்கிட்டப் பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நிக்கக் கூடாது. வாய் குழறினாலோ, தலை வலிக்குதுன்னாலோ, சம்பந்தமில்லாம எதாச்சும் பேசினாலோ, அவர் எப்பவும் பேசற மாதிரி இல்லைன்னு தோணினாலோ, உடனே எங்களைக் கூப்பிடணும். அவர் எப்படிப் பேசுவார்னு உங்களுக்குத்தான தெரியும்?"

எப்படி இருக்குது பாத்தியா? பத்தொம்பது நாளு கட்டிக் காத்த வீம்பை ஒரு பாலக்காட்டுப் பொண்ணு வந்து ஒரே நிமிசத்துல முடிச்சுட்டா. "சிஸ்டர், எங்களுக்குள்ள பேச்சு இல்லை"ன்னு சொல்லலாம்னு பாத்தேன். அந்த மெசினு, அந்த டியூப்பு, அவரு கெடக்கற கெடை, எல்லாத்தையும் பாத்ததும் சொல்ல வாய் வரல.

ஆனா மொதல்ல நான் பேசக் கூடாதுல்ல? அதனால கேள்வியா கேட்டேன். கேள்வி பேச்சுல சேராது.

"உங்க பேரு என்ன?"

அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. "சென்னியப்பன்."

"ஊரு?"

"உன்ற ஊருதான்."

"பொண்டாட்டி பேரு?"

"அது வேண்டாம், உடு."

நல்ல நெதானத்துலதான் இருக்காருன்னு தெரிஞ்சுபோச்சு. அப்படியே போச்சு. எங்க எருமை பேரு கேட்டேன், மில்லு மொதலாளி பேரு கேட்டேன், எங்க கல்யாணத்துக்கு மொய் எழுதினவரு ஆருன்னு கேட்டேன். எல்லாத்துக்கும் லொள்ளாவே பதில் சொன்னாரு. நடுவுல சிஸ்டர் வந்து ரத்தம் எடுப்பா, பாதத்துல அந்தப் பேனாவை வெச்சுப் பாப்பா. சத்தம் வராது. தலையை ஆட்டிட்டுப் போயிருவா. ஒவ்வொரு தடவையும் நான் அவ மூஞ்சியைப் பாப்பேன், அவரு என் மூஞ்சியைப் பாப்பாரு.

பொழுது எறங்கற நேரம். நான் கேள்வியெல்லாம் தீந்துபோயி சும்மா உக்காந்திருக்கேன். அவரு மேல ஃபேனைப் பாத்துக்கிட்டே சொல்றாரு:

"துளசி, தப்பு என் மேலதான்."

எனக்குக் காதுல விழுந்தது நெஜந்தானான்னே தெரியல.

"அன்னைக்குப் பந்தியில அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உன் மனசு நொந்திருக்கும். மாத்திரையும் நான் போடல. நீ கூப்பிட்டுக் குடுக்கலைன்னு வீம்புக்கு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள போட்டு வெச்சேன். எல்லாம் அதுலதான் கெடக்குது. எல்லாத் தப்பும் என் மேலதான்."

கண்ணு, முப்பத்தாறு வருசம். எருமை கயித்தை அவுத்துக்கிட்டுப் போனா எருமை மேல தப்பு. பஸ்ஸை உட்டா பஸ்ஸு மேல தப்பு. அந்த வாயில இருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. மூளையில கசிஞ்சிருச்சுன்னே நெனைச்சுட்டேன்.

"சிஸ்டர்! சிஸ்டர்!"னு கத்தினேன் பாரு, வெளிய இருந்த பூங்கொடி ஓடி வந்தா. "என்னம்மா?"ன்னா. "உங்கப்பன் தப்பு என் மேலதான்னு சொல்றாருடி!"ன்னேன். அவ மூஞ்சியும் வெளுத்துப்போச்சு. "அய்யோ, டாக்டரைக் கூப்பிடுங்க!"ன்னு அவளும் கத்தறா.

டாக்டர் ஓடி வந்தாரு. "வாய் குழறுச்சுங்களா?"ன்னாரு. "இல்லீங்க டாக்டர், ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமா வந்துச்சு, அதுதாங்க பயமா இருக்குது!"ன்னேன். கையைத் தூக்கச் சொன்னாரு, பல்லைக் காட்டச் சொன்னாரு, இவரு எல்லாம் பண்ணிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லீங்க"ங்கறாரு. டாக்டர் என்னையப் பாத்து, "நீங்க நிச்சயமாச் சொல்றீங்களா, இவரு எப்பவும் பேசற மாதிரி இல்லைன்னு?" நானும் பூங்கொடியும் ஒரே குரல்ல, "நிச்சயமாங்க." உடனே மருந்தை நிறுத்திட்டாங்க. கட்டிலோட உருட்டிட்டுத் தலைக்கு ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோயிட்டாங்க.

அந்த வராந்தாவுல நின்ன நேரம் இருக்குதே, அதை மட்டும் சிரிக்காம கேளு. மருந்து நின்னுபோச்சு. நின்ன நேரத்துல அந்தக் காலுக்கு என்ன ஆகுமோன்னு ஒரு பயம். தலைக்குள்ள என்ன ஆகியிருக்குமோன்னு ஒரு பயம். நான் மட்டும் தெனமும் "ஏனுங்க, மாத்திரை"ன்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா இவரு இன்னைக்கு இப்படிக் கெடக்க மாட்டாரு. அது அங்க நிக்கையிலதான் எனக்கு உறைச்சுது. அழுகை வந்துச்சு, அடக்கவே முடியல. இன்னொண்ணும் சொல்றேன், ஆருகிட்டயும் சொல்லல இதுவரைக்கும். அன்னைக்கு அண்ணன் சம்சாரம் ஆக்கினது நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சு. நானே ரெண்டாந்தரம் வாங்கித் தின்னேன். திரும்பி வரட்டும், தப்பு என் மேலயுந்தான்னு சொல்லிப்போடறேன்னு பண்ணாரி மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்.

ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை. டாக்டர் சிரிச்சுக்கிட்டே வந்தாரு. "அம்மா, உங்க ஊட்டுக்காரர் மூளை நல்லாத்தான் இருக்குது. அவரு சொன்னது அவரு சொன்னதுதான்"னாரு. மாத்திரை விசயம் கேட்டதுந்தான் சிரிப்பு நின்னுபோச்சு. "பக்கத்துலயே இருந்தும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா"ன்னாரு. "பேச்சு இல்லீங்களே"ன்னு சொல்ல வந்தேன். சொல்லாம முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டேன்.

மறுபடி மருந்தைப் போட்டாங்க. இவரு பக்கத்துல போயி உக்காந்தேன். சொல்லிப்போடலாம்னு வாயைத் தொறக்கறேன், இவரு முந்திக்கிட்டு, "ஒரு மனுசன் ஒழுங்கா ஒரு வார்த்தை பேசினா ஆஸ்பத்திரியையே கூட்டறாளே இவ!"ன்னு சிஸ்டர்கிட்டச் சொல்றாரு. அந்த சிஸ்டர் சிரிக்கறா. எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. சொல்லல.

மறுநாள் காத்தால ஷைனி சிஸ்டர் அந்தப் பேனாவை வெச்சா பாரு, சொய்ங்! மெதுவாத்தான். ஆனா வந்துச்சு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், பேனாவைத்தான். படம் எடுத்துப் பாத்ததுல கட்டெல்லாம் கரைஞ்சுபோச்சு. கீழ்த் தையல்கிட்ட ஒரு எடம் சுருங்கியிருந்துச்சுன்னு அதை பலூன் வெச்சு விரிச்சு உட்டாங்க. அந்தச் சுருக்கமும், மாத்திரை நின்னதும் ரெண்டும் சேந்துதான் அடைச்சிருக்குதுன்னாங்க. பாதம் சூடாயிருச்சு. நான் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். "கூசுது, உடு"ன்னாரு. மூணு மாசம் ஆச்சு. இப்ப டீக்கடை வரைக்கும் நடந்து போறாரு.

அப்பறம் நேத்து என்னன்னா? சொல்றேன். நேத்துப் பொழுதோட பூங்கொடியும் மாப்பிள்ளையும் வந்தாங்க. மாப்பிள்ளை விளையாட்டா, "ஏனுங்க மாமா, அத்தைகிட்டத் தப்பு என் மேலதான்னீங்களாமே"ன்னு கேட்டாரு. இவரு என்ன சொல்றாரு தெரியுமா? "அது மருந்து மயக்கத்துல ஒளறினது மாப்பிள்ளை, கணக்குல சேராது!"

அந்த மருந்துல ஏது மயக்கம்? அதுக்குத்தான் இந்தக் கவரு. இன்னைக்குக் காலைக் காட்டும்போது டாக்டர் முன்னால இதை நீட்டி, மயக்கம் உண்டா இல்லையான்னு கேக்கப்போறேன். நீ இங்கிலீஷ் படிப்பியா? இந்தா, இதுதான் ஸ்கேன் ரிப்போர்ட்டு. கடைசி வரியைப் படி. தமிழ்ல சொல்லு. "ரத்தக்கசிவு எதுவும் இல்லை, மூளை இயல்பா இருக்கு"ங்கறயா? பாத்தியா! தேதி போட்டிருக்குதா? மணியும் போட்டிருக்குதா? நல்லது. அவரு சொல்லி ஒரு மணி நேரங்கூட ஆகல. இன்னொருக்கா சத்தமாப் படி கண்ணு, டிரைவர் சீட்டு வரைக்கும் கேக்கட்டும்.

திரும்பிப் பாக்கறாரா? பாக்கலையா? பச்சைத் துண்டு அசையுது, கேட்டிருக்கும்.

மணி என்ன ஆச்சு? ஒண்ணரையா? அய்யோ, மத்தியானத்து மாத்திரை. சோத்துப் போசியோட அவரு பையிலதான் வெச்சு உட்டேன். போட்டாரோ என்னமோ. நேத்து ராத்திரி பூங்கொடி இருந்தா, அவ பாத்துக்கிட்டா. இப்ப ஆரு கேக்கறது? நாயும் இல்லை. நீ போயிக் கேக்கறியா கண்ணு? ஓடற பஸ்ஸுல வேண்டாம், உக்காரு. நானே போறேன். போனா நான் மொதல்ல பேசின மாதிரி ஆயிரும். ஆனா ஆகட்டும். கால் பெருசா, இது பெருசா? தள்ளிக்கோ, எந்திரிக்கறேன்.

என்னங் கண்டக்டரு? டிக்கெட் எடுத்தாச்சுங்க. எனக்கா? முன்னால பெரியவரு குடுக்கச் சொன்னாருங்களா? என்னது இது?

மாத்திரை அட்டை. பாரு கண்ணு, இன்னைக்குக் கெழமை போட்ட குழி காலி. போட்டாச்சுன்னு காட்டறாரு. நான் கேக்காமயே.

இல்லை, அழுகல. ஜன்னல் தூசி. இந்தா, அவரேதான் குடுத்து உட்டாரான்னு நீ கொஞ்சம் கண்டக்டர்கிட்டயும் கேட்டுக்கோ, பொறவு மாத்திப் பேசுவாரு அந்த மனுசன். அட்டையைக் குடுத்து உட்டதும் பேச்சுத்தான? அவருதான் மொதல்ல பேசினாரு. நீ சாட்சி. இந்தக் கவரைச் சித்த புடி, மடங்கினாலும் பரவால்லை. பஸ்ஸு நிக்கறதுக்குள்ள அவரு பக்கத்துல போயி உக்காரோணும். தப்பு என் மேலயுந்தான்னு சொல்லோணும், மூணு மாசமா வாயிலயே நிக்குது. நான் சொல்லி முடிச்சதும் அவரு டிரைவரைப் பாத்துக் கத்தினாருன்னா நீங்க ஆரும் பயந்துக்காதீங்க, எனக்கு ஒண்ணும் இல்லை.